தண்ணீரும் அமானிதமே

 

நஜீஸ் கலந்து நிறம், மணம், சுவை ஆகியவற்றுள் ஒன்று மாறினாலும் அந்நீர் உளூவுக்கு ஆகாது என்பது மதரஸாவில் நாம் ஓதிய ஆரம்பப் பாடம். ஹவுளில் சற்றே நாற்றம் எழுந்தால் உடனே மோதினாரை அழைக்கிறோம். அம்பத்தூர் ஏரியின் உபரிநீர் கொரட்டூர் ஏரிக்கும், அங்கிருந்து இரட்டை ஏரிக்கும் செல்லும் வழியெல்லாம் கறுத்துக் கிடந்தாலோ, மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துவிடுகிறோம்!

ஆலைகளைக் குறை கூறுவது எளிது. கொரட்டூர் ஏரியில் கழிவு கலப்பதை எதிர்த்து அவ்வூர் மக்கள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றார்கள். ஆனால் மழைநீர் வடிகாலில் வீட்டுக் கழிவுக் குழாயைச் செருகியவர்கள் நம்மிலும் உண்டல்லவா? தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதையே நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள்.

கன உலோகங்களோ கண்ணுக்கும் நாவுக்கும் அகப்படுவதில்லை. ஆகவே பருவமழைக்கு முன்னும் பின்னும் பள்ளிவாசல் கிணற்று நீரை ஆய்வகத்தில் சோதித்து, முடிவை அறிவிப்புப் பலகையில் ஒட்டுமாறு நிர்வாகக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன். குழாயைச் செருகியவர்கள் அதற்குள் எடுத்துவிடட்டும்.