கசக்கிற கடலை

1960-ம் ஆண்டு இங்கிலாந்துப் பண்ணைகளில் வான்கோழிகள் கொத்துக் கொத்தாகச் செத்து விழுந்தன. சில மாதங்களில் ஒரு லட்சத்துக்கும் மேல்! என்ன நோயென்று யாருக்கும் பிடிபடவில்லை. கடைசியில் பார்த்தால் குற்றவாளி தீவனத்தில் இருந்தது. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சை, ஒரு நஞ்சைச் சுரந்திருந்தது. அதுதான் அஃப்ளாடாக்சின்.

கடலையைச் சரியாகக் காயவைக்காமல் ஈரத்தோடு மூட்டை கட்டினால் இந்தப் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். வறுத்தால் போச்சு என்கிறீர்களா? பூஞ்சை சாகும், நஞ்சு முழுதாகப் போகாது. தொடர்ந்து உள்ளே போனால் கல்லீரல் புற்றுநோய் வரை இழுத்துவிடும். கெட்ட புண்ணாக்கைத் தின்ற மாட்டின் பாலிலும் இந்த நஞ்சு வேறு வடிவில் இறங்கும். மாடு என்ன செய்யும், பாவம்!

கடலை கொறிக்கும்போது ஒன்று கசந்தால், இன்னும் இரண்டை வாயில் போட்டு மென்று சமாளிக்கிறோம். அது வேண்டாம்; பூஞ்சை பிடித்த கடலையாக இருக்கலாம், துப்பிவிடுங்கள். சுருங்கினது, நிறம் மாறினது, பச்சையாய்ப் பூசணம் பூத்தது எல்லாவற்றையும் முதலிலேயே பொறுக்கி எறியுங்கள். வீணாகிறதே என்று கோழிக்கோ மாட்டுக்கோ போட்டுவிடாதீர்கள்.