நோயாளியின் வழிச்செலவு நமது பொறுப்பு

(புற்றுநோயாளர் உதவி நிதிக்காகக் கூடிய ஊர்க் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவு)



நிதி திரட்டுவதற்காக இங்கு கூடியிருக்கின்றோம். ஆதலின், உங்களிற் பலர் மனத்தில் எழக்கூடிய ஒரு கேள்விக்கு முதலில் விடை கூறிவிடுகின்றேன். அரசாங்க வைத்தியசாலைகளிற் சிகிச்சைக்குக் கட்டணமில்லையே. பின்னர் பணம் எதற்கு?

விடையை நோயாளியின் வீட்டிலே காணலாம். கதிர்வீச்சுச் சிகிச்சை ஒரே நாளில் முடிவதன்று. பெரும்பாலும் வாரத்தில் ஐந்து நாட்களாகப் பல வாரங்கள் பெறவேண்டியது. நாட்கூலி செய்பவன் நோயுற்றால் அவன் கூலி அன்றே நின்றுவிடுகின்றது. துணைக்குச் செல்லும் மனைவியின் கூலியும் நிற்கின்றது. பஸ் கட்டணமும் தங்குமிடமும் உணவும் இலவசமாகக் கிடைப்பனவல்ல. இச்செலவைத் தாங்கமாட்டாது சிகிச்சையை இடைநடுவிற் கைவிட்டவனுக்கு, வைத்தியசாலையிலுள்ள இலவச மருந்தினால் யாது பயன்?

மக்கள் கைகோத்தால் எதனைச் சாதிக்கலாம் என்பதற்கு நம் கண்முன்னே சான்றுண்டு. போர் முடிந்து ஈராண்டு கழிந்த 2011ஆம் ஆண்டு யூலை மாதத்தில், தெற்கே தேவேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை ஏறத்தாழ 670 கிலோமீற்றர் தூரத்தைச் சிலர் 27 நாட்களில் நடந்து கடந்தனர். வழிநெடுகப் பலர் உடன் நடந்தனர். தெல்லிப்பழையிற் புற்றுநோய் வைத்தியசாலை அமைவதற்காகவே அவர்கள் நிதி திரட்டினர். 2016இல் மற்றொரு நடைபயணம் பருத்தித்துறையிலிருந்து தேவேந்திரமுனைக்குச் சென்றது. அது காலியிலுள்ள கராப்பிட்டிய வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவுக்காக. நோய் எவரிடமும் மொழி கேட்பதில்லை; நடந்தவர்களும் கேட்கவில்லை.

ஆயினும் ஒன்றை நாம் மறக்கலாகாது. கட்டடத்தை மக்கள் எழுப்பலாம். அதனுள்ளே வைத்தியரையும் தாதியரையும் நியமிப்பதும், மருந்து குறையாது பார்ப்பதும், பழுதுற்ற இயந்திரத்தைத் திருத்துவதும் அரசாங்கத்தின் கடமைகள். நாம் கொடுக்கின்றோம் என்பதற்காக அரசாங்கம் தன் கையைச் சுருக்கிக்கொள்ள இடமளிக்கலாமா? கூடாது! ஒரு கையாற் கொடுப்போம். மறுகையால் உரிமையைக் கேட்போம்.

இனி, நமது நிதியைப் பற்றி மூன்று வார்த்தைகள். முதலாவது, சேர்ந்த தொகையும் செலவான தொகையும் மாதந்தோறும் வாசிகசாலைப் பலகையில் எழுதப்படல் வேண்டும். கணக்குத் தெளிவாயிருந்தாற்றான் கொடுத்தவன் மீண்டும் கொடுப்பான். இரண்டாவது, உதவி பெறுவோரை மேடையிலேற்றிப் படம் பிடிக்கும் வழக்கம் நமக்கு வேண்டாம். நோயுற்றவனுக்கும் மானம் உண்டு. மூன்றாவது, நிதிக்காக வீடு வீடாகச் செல்லும் தொண்டர்கள் எச்சரிக்கையையும் எடுத்துச் செல்லட்டும். இந்நாட்டு ஆடவரிடையே வாய்ப்புற்றுநோயும் பெண்களிடையே மார்பகப் புற்றுநோயும் மிகுந்து காணப்படுகின்றன. வெற்றிலையோடு புகையிலை மெல்வதும் பாக்கு மெல்வதும் வாய்ப்புற்றுக்கு வழிகோலுவன. ஆறாத வாய்ப்புண்ணையோ மார்பிற் கட்டியையோ மறைத்து வைக்காது காலத்தோடு வைத்தியரிடம் காட்டச் சொல்லுங்கள். அங்ஙனம் சொல்லச் செல்லும் நாம், நமது வைபவங்களில் வெற்றிலைத் தட்டோடு புகையிலையை நீட்டுவது நகைப்புக்கிடமாகும்!

அன்பர்களே! பெருந்தொகை கொடுப்பவரின் பெயர் கல்லில் நிலைக்கலாம். நம்மிடம் கல்லில்லை. மாதந்தோறும் ஒவ்வொரு வீடும் தன்னால் இயன்றதைத் தருமாயின், இவ்வூரில் எந்த நோயாளியும் பஸ்ஸுக்குக் காசில்லையென்று சிகிச்சையைக் கைவிடவேண்டியதில்லை. அதனை இன்றே தொடங்குவோம்.