குதிகாலில் ஒரு துளி



பச்சிளங் குழந்தைகளின் குருதியைச் சோதித்து மறைநோய்களைக் கண்டறியும் பணி நம் பெங்களூரில் 1980 ஆம் ஆண்டிலேயே தொடங்கியது. அம்முயற்சியில் ஏறத்தாழ 1,25,000 மகவுகள் சோதிக்கப்பெற்றன. தைராய்டுச் சுரப்புக் குறையை இரண்டு வாரத்திற்குள் அறிந்து மருந்தளிப்பின் குழந்தையின் அறிவு வளர்ச்சி காக்கப்பெறும். காலந்தாழ்ந்தால் இழந்ததை மீட்டல் அரிது.

ஆயின், துளியைச் செவ்வனே எடுக்காவிடில் ஆய்வுக்கூடம் என் செய்யும்? பிறந்த இரண்டாம் அல்லது மூன்றாம் நாளில், குதிகாலை வெதுப்பி, அடிப்புறத்தின் ஓரத்தில் குத்துதல் வேண்டும். எலும்பு அண்மையில் இருத்தலின் நடுவிலும் பின்புறத்திலும் குத்தலாகாது. முதல் துளியைத் துடைத்துவிட்டு, அடுத்த பெருந்துளியை அட்டையின் வட்டத்தில், மறுபுறமும் ஊறித் தெரியுமாறு ஒரே முறையில் படியவிடல் வேண்டும். காலைப் பிழிந்தாலோ திசுநீர் கலந்து அளவு பிறழும். அட்டையை வெயிலில் காய்ச்சுவதும் தவறு. மூன்று நான்கு மணி நேரம் நிழலில் கிடத்தி உலர்த்துவதே முறை.

குத்தும்போது தாய் பாலூட்டலாம். குழந்தையின் நோவு தணியும். (பாட்டிமார் பொறுத்தருள்க!) பேறு முடிந்து தாய்வீடு செல்லும் நம் பெண்கள் அவ்வூர் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் அட்டையில் எழுதச் செய்க. மீண்டும் துளி வேண்டுமென அழைப்பு வரின் அன்றே செல்க. நோய் உறுதியாயிற்று என்பது அதன் பொருளன்று, முதல் துளி போதாமலும் இருக்கலாம்.