அந்திக் காயலில் ஒரு படகு

பகல் முழுவதும் வெயிலில் உழைத்துக் களைத்த மனிதனுக்கு மாலை நேரம் இயற்கை வழங்கும் பரிசு. அந்த மாலையை நீர்நடுவே ஒரு படகில் அமர்ந்து கழிக்கும் வாய்ப்புக் கிட்டுமாயின், அதனினும் இனிய ஓய்வு வேறில்லை. சென்ற மார்கழி மாதத்தில் கொச்சி நகருக்குச் சென்றிருந்தபோது அத்தகைய வாய்ப்பு ஒன்று எனக்குக் கிடைத்தது. ஒன்றரை மணி நேரப் பயணந்தான். ஆயினும் அப்பயணத்தில் நான் கண்ட காட்சிகள் சில. கற்ற பாடம் ஒன்று. அவற்றை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

கடலுக்கும் நிலத்துக்கும் இடையே, கடலோடு தொடர்பு கொண்டு பரந்து கிடக்கும் நீர்ப்பரப்பைக் காயல் என்கிறோம். நம் முன்னோர் அதனைக் கழி என்றும் வழங்கினர். கடலும் கழியும் சார்ந்த நெய்தல் நிலத்துக்குரிய சிறுபொழுது எற்பாடு என்று அவர்கள் வகுத்தார்கள். எல் என்பது ஞாயிறு. அது சாயும் பொழுது எற்பாடு எனப் பலரும் பொருள் கூறுவர். நெய்தலின் அழகு முழுமையாக வெளிப்படுவது அந்த நேரத்திலேதான் என்பதைக் கொச்சிக் காயலில் நின்று பார்த்தபோது நன்கு உணர்ந்தேன்.

மாலை 5 மணி அளவில் எர்ணாகுளத்துப் படகுத்துறையை அடைந்தேன். இரண்டு தளங்கள் கொண்ட படகு ஒன்று புறப்படும் நிலையில் இருந்தது. பயணிகள் ஏறி அமர்ந்துவிட்டார்கள். படகை ஓட்டுபவரை அங்கே சிராங்கு என்று அழைக்கிறார்கள். மீகாமன் என்பது நம் பழந்தமிழ்ச் சொல். அறுபது வயதை எட்டியிருந்த அந்த மீகாமன், வரிசை வரிசையாக எங்களை எண்ணிக்கொண்டு வந்தார். உயிர்காப்புச் சட்டையின் வாரைக் கட்டாதிருந்தவர்களை நிறுத்தி, கட்டிய பிறகே அடுத்தவரிடம் சென்றார். எண்ணி முடித்ததும் மறுபடியும் முதலிலிருந்து எண்ணத் தொடங்கினார்!

அந்த வேளையில் கல்லூரி மாணவர் அறுவர் மூச்சிரைக்க ஓடி வந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து சுற்றுலா வந்தவர்கள். "ஐயா, எங்களையும் ஏற்றிக்கொள்ளுங்கள், இந்தப் படகை விட்டால் சூரியன் மறைவதைப் பார்க்க முடியாது" என்று கெஞ்சினார்கள். மீகாமன் தலையை அசைத்து மறுத்துவிட்டார். படகின் பக்கத்தில் வண்ணத்தால் எழுதியிருந்த எண்ணைச் சுட்டிக்காட்டினார். அத்தனை பேர் ஏற்கெனவே ஏறியாயிற்று.

பயணிகளிடையே முணுமுணுப்பு எழுந்தது. நேரம் போகிறதே என்று சிலர் சினந்தார்கள். நானும் வாளா இருக்கவில்லை. நம் ஊர்ப் பிள்ளைகள் என்ற பரிவு மேலிட, "இவ்வளவு பெரிய படகுக்கு ஆறு பேர் ஒரு சுமையா? இளைஞர்கள், நின்றுகொண்டே வருவார்கள், ஏற்றிக்கொள்ளலாமே" என்று அவர்களுக்காக வழக்காடினேன். அவர் என்னைச் சற்றே உற்று நோக்கினார். பிறகு அமைதியாகச் சொன்னார்: "சார், உங்கள் பேச்சை நான் கேட்கலாம், தண்ணீர் கேட்காது." அடுத்த படகு கால் மணி நேரத்தில் புறப்படும் என்று மாணவர்களிடம் கூறிவிட்டுக் கயிற்றை அவிழ்க்கச் சொன்னார். படகு நகர்ந்தது. கரையில் நின்ற அந்த ஆறு முகங்களும் வாடியிருந்தன. என் மனத்திலும் ஒரு கசப்பு மிஞ்சியது.

ஆனால் காயலின் காற்று அந்தக் கசப்பை நெடுநேரம் விட்டுவைக்கவில்லை. வலப்புறத்தில் போல்காட்டித் தீவு தோன்றியது. டச்சுக்காரர்கள் 1744ஆம் ஆண்டில் கட்டிய மாளிகை இன்றும் அங்கே மரங்களிடையே நிற்கிறது. அப்பால் வல்லார்பாடம், அங்கே சரக்குப் பெட்டிகளை ஏற்றி இறக்கும் பெரும் பாரந்தூக்கிகள் வானில் தலைநீட்டி நின்றன. இடப்புறத்தில் இருப்பது வில்லிங்டன் தீவு. இது இயற்கை அமைத்த தீவு அன்று. பெரும்பகுதியும் மனிதன் அமைத்தது.

அந்த வரலாறு சுவையானது. பெரியாற்றின் முகத்துவாரத்தில் சேரர்களின் புகழ்மிக்க முசிறித் துறைமுகம் இருந்தது. 1341ஆம் ஆண்டில் ஏற்பட்ட பெருவெள்ளத்தால் ஆற்றின் போக்கு மாற, அப்பகுதியின் பழைய துறை தூர்ந்து, கொச்சியில் புதிய வாய் திறந்தது என்பது வரலாற்றறிஞர் பலரின் கருத்து. ஆனால் அந்த வாயின் குறுக்கே மணல்மேடு ஒன்று நீருக்கடியில் கிடந்தது. பெரிய கப்பல்கள் உள்ளே வர இயலாமல் வெளிக்கடலிலேயே நங்கூரமிட்டு நின்றன. 1920ஆம் ஆண்டில் இராபர்ட் பிரிஸ்டோ என்னும் பொறியாளர் இங்கு வந்து சேர்ந்தார். கடலின் போக்கையும் மணலின் இயல்பையும் பல ஆண்டுகள் ஆராய்ந்து, தூர்வாரும் கப்பலைக் கொண்டு அந்த மணல்மேட்டை அறுத்து வழி கண்டார். 1928ஆம் ஆண்டில் கப்பல்கள் உள்துறைமுகத்துக்குள் நுழையத் தொடங்கின. தோண்டி எடுத்த மண்ணைக் கொட்டி நிரப்பிய நிலமே வில்லிங்டன் தீவாக விரிந்தது. அமைதியாகத் தோன்றும் இந்த நீர்ப்பரப்பு, எண்ணற்ற தொழிலாளர்களின் உழைப்பாலும், ஒவ்வோர் அடி ஆழத்தையும் அளந்து பார்த்த ஒருவரின் பொறுமையாலும் உருவானது.

படகு முகத்துவாரத்தை நெருங்கியது. ஒருபுறம் கொச்சிக் கோட்டை; மறுபுறம் வைப்பின் தீவு. கோட்டைப் பக்கத்துக் கரையில் சீன வலைகள் வரிசையாக நின்றன. நம் நாட்டுப்புறத்தில் நீர் இறைக்கும் ஏற்றத்தைப் பார்த்தவர்களுக்கு இவ்வலையின் இயக்கம் எளிதில் விளங்கும். நீண்ட மரங்களின் முனையில் விரிந்த வலை தொங்குகிறது. மறுமுனையில் கயிறுகளில் கட்டிய பெரிய கற்கள். வலையின் பாரத்துக்கும் கற்களின் பாரத்துக்கும் சமன் கண்டிருப்பதால், சில ஆட்களே அந்தப் பெரிய வலையை இறக்கவும் ஏற்றவும் முடிகிறது. சமன் சற்றுப் பிறழ்ந்தால் அத்தனை பேர் சேர்ந்தாலும் அசைக்க முடியாது. இந்தச் சமன் என்னும் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு கடலை நோக்கி இறங்கியது. தலைக்கு மேல் நின்ற வெண்ணிற வட்டம், பொன்னாகி, செம்பாகி, குங்குமமாக மாறியது. நண்பகலில் ஞாயிற்றின் ஒளி குறைந்த தொலைவே காற்று மண்டலத்தைக் கடந்து வருகிறது. மாலையிலோ அது சாய்வாக நெடுந்தொலைவு கடந்து வருகிறது. வழியில் நீல ஒளி சிதறிப் போய்விடுகிறது. செவ்வொளியே மிகுதியாக நம் கண்ணை எட்டுகிறது. இன்னொரு விந்தையும் உண்டு. ஞாயிற்றின் வட்டம் அடிவானத்தைத் தொடுவதாக நாம் காணும் நேரத்தில், உண்மையில் அது அடிவானத்துக்குக் கீழே சென்றுவிட்டது. காற்று மண்டலம் ஒளியை வளைப்பதால், மறைந்துவிட்ட ஞாயிற்றையே நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம்!

அந்தக் காட்சியைக் கண்டதும் படகில் ஓர் ஆரவாரம் எழுந்தது. வலப்பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்தார்கள். மேல்தளத்துக்குச் செல்லும் படிகளில் சிலர் கால் வைத்தார்கள். நானும் எழுந்துவிட்டேன். படகு இடப்பக்கம் சற்றே சாய்வதை என் கால்கள் உணர்ந்தன. அந்த நொடியில் மீகாமனின் குரல் இடிபோல் ஒலித்தது. "உட்காருங்கள்! யாரும் எழ வேண்டாம். நீங்கள் சூரியனிடம் ஓட வேண்டியதில்லை. நான் படகைத் திருப்புகிறேன்."

சொன்னபடியே செய்தார். இயந்திரத்தின் வேகத்தைத் தணித்து, படகை மெல்லச் சுற்றினார். முதலில் இடப்பக்கத்தவர்க்கும், பிறகு வலப்பக்கத்தவர்க்கும் அந்தச் செம்பரிதி நேரே நின்று காட்சி தந்தது. இரண்டு நிமிடங்களுக்குச் சற்று மிகுதியான நேரத்தில் வட்டம் முழுவதும் கடலில் அமிழ்ந்தது. அமர்ந்த இடத்திலிருந்தே அனைவரும் கண்டோம். ஒருவர்க்கும் ஒரு குறையும் இல்லை.

அப்போதுதான் "தண்ணீர் கேட்காது" என்று அவர் கூறியதன் பொருள் எனக்கு விளங்கிற்று. படகு மிதப்பது ஒன்று. நிமிர்ந்து மிதப்பது மற்றொன்று. தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எந்தப் பக்கம் சாய்த்தாலும் அது மீண்டும் நிமிர்கிறது. ஏனெனில் அதன் பாரம் முழுவதும் அடியில் இருக்கிறது. படகும் ஏறத்தாழ அத்தகையதே. அது சாயும்போது, நீரில் மிகுதியாக அமிழ்ந்த பக்கத்தை நீர் மேல்நோக்கித் தள்ளி நிமிர்த்துகிறது. ஆனால் மேல்தளத்தில் ஆட்கள் ஏற ஏற, எடையின் மையம் உயர்கிறது. நிமிரும் ஆற்றல் குறைகிறது. பொம்மையின் தலையில் ஈயத்தை ஊற்றியது போன்ற நிலை அது. அந்த நிலையில் மக்கள் ஒரே பக்கம் திரண்டால், படகு சாய்கிறது. சாய்ந்த படகில் நின்றவர்கள் மேலும் அப்பக்கமே சரிகிறார்கள். பிறகு நடப்பதைத் தடுக்க எவராலும் இயலாது.

இது வெறும் கணக்கு அன்று, நண்பர்களே. கேரளத்து நீர்நிலைகள் இதற்குப் பெரும் விலை கொடுத்திருக்கின்றன. மலையாளத்தின் மகாகவி குமாரன் ஆசான் 1924ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள், பல்லனை ஆற்றில், அளவுக்கு மீறி ஆளேற்றிய படகு கவிழ்ந்து உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 50. தட்டேக்காட்டில் 2007ஆம் ஆண்டு கல்விச் சுற்றுலா சென்ற பள்ளிப் பிள்ளைகள் 15 பேரும் ஆசிரியர் மூவரும் மூழ்கினர். 2009ஆம் ஆண்டு தேக்கடி ஏரியில் 45 பேர் மாண்டனர்; கரையில் விலங்குகளைக் காணப் பயணிகள் ஒரு பக்கம் திரண்டதும் ஒரு காரணமாக அப்போது பேசப்பட்டது. 2023ஆம் ஆண்டு மே 7ஆம் நாள், தானூரில், ஞாயிறு மறைந்த பின் புறப்பட்ட உல்லாசப் படகு ஒன்று கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். மீன்பிடி படகாக இருந்து மாற்றப்பட்ட அந்தப் படகில், ஏற்றத் தகுந்த அளவினும் மிகுதியான மக்கள் இருந்தார்கள். மகிழ்ச்சிக்காகப் புறப்பட்டவர்கள், குழந்தைகளோடு சென்றவர்கள். அங்கும் யாரேனும் ஒருவர், "இன்னும் சிலர்தானே, ஏறட்டுமே" என்று என்னைப் போலவே பரிந்து பேசியிருக்கக்கூடும் என்று எண்ணியபோது என் நெஞ்சு நடுங்கியது.

படகு திரும்பியது. கொச்சி போன்ற வெப்பமண்டல நகரங்களில் அந்தி நீடிப்பதில்லை. ஞாயிறு இங்கே ஏறத்தாழச் செங்குத்தாக இறங்குவதால், மறைந்த 20 நிமிடங்களுக்குச் சற்று மேலான நேரத்தில் இருள் சூழ்ந்துவிடுகிறது. இலண்டன் நகரத்துக் கோடைக்கால அந்தியொளி 40 நிமிடங்களுக்கு மேலும் நிலைத்திருக்கும். இருட்டுவதற்கு முன் துறைக்குத் திரும்ப மீகாமன் முனைந்ததன் காரணம் இதுவே. கரையெங்கும் விளக்குகள் ஒளிர்ந்தன. 2023ஆம் ஆண்டில் தொடங்கிய நீர்வழி மெட்ரோவின் மின்படகு ஒன்று ஓசையின்றி எங்களைக் கடந்து சென்றது. வேலை முடிந்து தீவுகளுக்குத் திரும்பும் மக்கள் அதில் அமர்ந்திருந்தார்கள். நமக்கு ஒரு மாலை உல்லாசமாக இருக்கும் படகு, அவர்களுக்கு நாள்தோறும் வீடு சேர்க்கும் வழி.

சற்றுத் தொலைவில் மற்றொரு படகு வந்தது. "ஐயா!" என்று கூவிக் கையசைத்தார்கள் சிலர். அந்த ஆறு மாணவர்கள்! அவர்களும் ஞாயிறு மறைவதைக் கண்டுவிட்டார்கள் என்பதை அவர்கள் முகமலர்ச்சியே சொல்லிற்று. நானும் எழாமல், இருந்த இடத்திலிருந்தே கையசைத்தேன்.

துறையில் இறங்கும்போது மீகாமனிடம் சென்றேன். "நீங்கள் செய்தது சரி, நான் பேசியது தவறு" என்றேன். அவர் சிரித்தார். "எத்தனையோ பேர் கோபித்துக்கொண்டு இறங்குவார்கள், சார். இறங்குகிறார்களே, அது போதும்" என்று சொல்லிவிட்டு, இறங்குபவர்களை எண்ணத் தொடங்கினார்.

மாணவ நண்பர்களே, நாம் ஒன்றரை மணி நேரம் கவலையின்றி இருப்பதற்காக, ஒருவர் அந்த ஒன்றரை மணி நேரமும் கவலையோடு இருக்கிறார். நம் ஓய்வு அவருடைய விழிப்பிலிருந்து பிறக்கிறது. நீங்களும் கடலுக்கும் காயலுக்கும் செல்லுங்கள். மாலையின் அழகை மனம் நிறையக் காணுங்கள். ஆனால் ஏறுமுன் படகில் எழுதியுள்ள எண்ணைப் பாருங்கள். உயிர்காப்புச் சட்டையின் வாரைக் கட்டுங்கள். இடமில்லை என்று ஒருவர் மறுத்தால், அவரிடம் வழக்காடாதீர்கள், நன்றி சொல்லுங்கள். ஞாயிறு நாளையும் மறையும். அதைக் காண நாமும் இருக்க வேண்டும்.