அரங்கில் ஒலி: பி. வி. காரந்தின் இசைப்பணி

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கவிதைக்கென அமைந்த இவ்வட்டத்தின் விழாவில், நாடகத்திற்கு இசையமைத்த ஒருவரைப் பற்றி நான் பேச முன்வந்தது ஏன் என்று சிலர் எண்ணக்கூடும். அவர்களுக்குச் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை நினைவூட்ட விரும்புகிறேன். மாதவியின் ஆடலுக்கு வேண்டிய கலைஞர்களை இளங்கோவடிகள் அங்கு நிரல்படுத்துகிறார். ஆடலாசிரியன் முதலில் வருகிறான். இசையாசிரியன் அடுத்து வருகிறான். அதன் பின்னரே கவிஞன் இடம்பெறுகிறான். அவனைத் தொடர்ந்து தண்ணுமை, குழல், யாழ் வல்ல ஆசிரியர்கள் வருகின்றனர். இசையறிந்தோர் இருமருங்கும் சூழ நடுவில் நின்றவன் அன்றைய கவிஞன். இன்றைய கவிஞனோ வெள்ளைத்தாளின் முன் தனித்து அமர்ந்திருக்கிறான். இவ்விரு நிலைகளுக்கும் இடையே நாம் இழந்தது யாது? இவ்வினாவிற்கு விடை தேட நமக்குத் துணைசெய்யும் வாழ்க்கை, கன்னட நாடகக் கலைஞர் பி. வி. காரந்தின் வாழ்க்கை.

பாபுகோடி வெங்கடரமண காரந்த் 1929ஆம் ஆண்டு செப்டம்பர் 19ஆம் நாள் தென்கன்னட மாவட்டத்தின் மஞ்சி என்னும் ஊரில் பிறந்தார். நாவலாசிரியர் சிவராம காரந்த் வேறு, இவர் வேறு. இருவரும் ஒரு திரைப்படத்தில் இணைந்ததைப் பின்னர்க் கூறுவேன். இவர் பிறந்த மண் யட்சகானம் செழித்த மண். பாகவதரின் பாட்டும், செண்டையும் மத்தளமும் இரவு முழுதும் ஒலிக்கும் அந்நிலத்தில், கதை என்பது கண்ணுக்குமுன் காதை எட்டும் பொருளாகும். சிறுவயதிலேயே வீட்டைவிட்டு ஓடிக் குப்பி வீரண்ணாவின் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார் காரந்த். நம் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வளர்த்தெடுத்த மரபை ஒத்த, பாட்டே உயிராகிய நாடக மரபு அது. இளைஞனின் திறமறிந்த வீரண்ணா அவரைக் காசிக்கு அனுப்பிப் படிக்க வைத்தார். காசியில் இந்தி முதுகலை பயின்றதோடு, பண்டித ஓம்கார்நாத் தாக்கூரிடம் இந்துஸ்தானி இசையும் கற்றார். அதன்பின் தில்லி தேசிய நாடகப் பள்ளியில் பயின்று 1962இல் பட்டம் பெற்றார்.

கம்பெனி மேடை பாட்டின் ஆற்றலை அவருக்குக் காட்டியது. காசி இராகத்தின் ஆழத்தைக் காட்டியது. தில்லி, காட்சிக்குத் தேவையற்ற எதனையும் மேடையில் வைக்கலாகாது என்னும் கட்டுப்பாட்டைக் கற்பித்தது. இம்மூன்றும் ஒருவரிடத்தில் கூடியமையே அவர்தம் தனித்தன்மைக்குக் காரணம் எனலாம்.

அவர் பணிபுரியத் தொடங்கிய காலத்தின் நிலையை இங்கு எண்ணிப் பார்த்தல் வேண்டும். பழைய கம்பெனி நாடகத்தில் கதை நின்றுவிடும், பாட்டு தொடரும், அவையோர் மீண்டும் பாடுமாறு கேட்பர், இறந்து கிடந்தவனும் எழுந்து பாடுவான். இதனை வெறுத்த நவீன நாடகக்காரர் பலர், இசையையே மேடையிலிருந்து விலக்கினர். காரந்த் இவ்விரண்டிற்கும் இசையவில்லை. நாடகத்தில் இடம்பெறும் இசை வேறு, நாடகத்தின் இசை வேறு என்பதை அவர் படைப்புகள் உணர்த்தின. முன்னதைப் பிரித்தெடுத்துக் கச்சேரியில் பாடலாம். பின்னதை நடிகனின் மூச்சிலிருந்தும் நடையிலிருந்தும் பிரித்தெடுத்தல் அரிது.

1972இல் பெங்களூரில் திறந்தவெளியில் அவர் அளித்த மூன்று நாடகங்கள் கன்னட நாடகத்தின் போக்கையே மாற்றின என்பர். லங்கேஷ் மொழிபெயர்த்த ஈடிபஸ், அவரே எழுதிய சங்கராந்தி, சந்திரசேகர கம்பாரின் ஜோகுமாரசுவாமி என்பன அவை. கிரேக்கத் துன்பியலும், வரலாறும், நாட்டுப்புறச் சடங்கும் ஒருவரது கைவண்ணத்தில் வெவ்வேறு ஒலி பெற்றன.

கிரீஷ் கர்னாடின் ஹயவதனா நாடகத்தை இவ்வவையினர் பலர் படித்திருப்பீர்கள். தலை மாறிய இருவரின் கதை அது. அதனூடே குதிரைத் தலையும் மனித உடலும் கொண்ட ஹயவதனனின் கதையும் ஓடுகிறது. முழுமை வேண்டி நின்ற அவன் முழுக்குதிரை ஆகிறான். ஆயினும் மனிதக் குரல் மட்டும் அவனைவிட்டு நீங்கவில்லை. சிரிக்க மறந்திருந்த குழந்தையோடு சேர்ந்து அவன் சிரிக்கும்பொழுது, அச்சிரிப்பே கனைப்பாக மாறுகிறது. மனிதக் குரல் அகல்கிறது. நாடகத்தின் முடிச்சு சொல்லால் அவிழவில்லை, ஒலியால் அவிழ்கிறது. இதனைத் தாளில் வாசிப்போர் கதையை அறிவர். அரங்கில் கேட்போரே அதன் பொருளை அடைவர். இத்தகைய பிரதிக்குக் காரந்தைப் போன்ற ஓர் இயக்குநர் வாய்த்தது கன்னடத்தின் பேறு.

‘சத்தவர நெரளு’ என்னும் நாடகம் மடத்துப் பதவிப் போட்டியை எள்ளுவது. அதில் புரந்தரதாசரின் பதங்களைக் காரந்த் பயன்படுத்தினார். பற்றறுக்கச் சொல்லும் பாட்டு, பற்று மிகுந்தோர் நடமாடும் மேடையில் ஒலிக்கும்பொழுது, பாட்டின் ஓரெழுத்தும் மாறாமலே அங்கதம் பிறக்கிறது. பழம்பாடலை எடுத்தாளும் கவிஞர்கள் கருதத்தக்க உத்தி இது.

1977 முதல் 1981 வரை தேசிய நாடகப் பள்ளியின் இயக்குநராக இருந்த காலத்தில், பயிற்சிப் பட்டறைகளை நம் மதுரை வரை கொண்டுவந்தார். 1979இல் மக்பெத் நாடகத்தை, ரகுவீர் சகாயின் இந்தி மொழிபெயர்ப்பில், ‘பர்ணம் வன்’ என்னும் பெயரில் யட்சகான முறையில் அளித்தார். ஆங்கிலச் செய்யுளின் ஓசையை இந்தியில் அப்படியே பெயர்க்க இயலாது. இழந்த ஓசையை மத்தளத்தின் அடவிலும் காலடியின் கதியிலும் அவர் தேடினார். மொழிபெயர்ப்பில் ஈடுபடுவோர்க்கு இதிலும் ஒரு பாடம் உண்டு.

திரைப்படத் துறையிலும் இப்பார்வை அவரைவிட்டு அகலவில்லை. ‘ரிஷ்யசிருங்க’ (1976), ‘கடசிராத்த’ (1977) ஆகிய படங்களின் இசைக்காகத் தேசிய விருது பெற்றார். மிருணாள் சென்னின் ‘ஏக் தின் பிரதிதின்’ (1979), ‘காரிஜ்’ (1982) முதலிய படங்களுக்கும் இசையமைத்தார். அவர் இயக்கிய ‘சோமன துடி’ (1975) சிறந்த படத்திற்கான தேசிய விருதைப் பெற்றது. சிவராம காரந்த் 1933இல் எழுதிய நாவல் அது. உழும் நிலம் மறுக்கப்பட்ட தீண்டாச் சாதியினனாகிய சோமனுக்குத் தன் துயரை உரைக்கச் சொல் இல்லை. துடி மட்டுமே உண்டு. மகிழ்ச்சியிலும் சினத்திலும் அவன் துடியையே அடிக்கிறான். இறுதியில் குடிசையின் கதவை அடைத்துக்கொண்டு துடி முழக்கியே மடிகிறான்.

துடி என்னும் சொல் நமக்கு அயலானது அன்று. புறநானூற்றின் 335ஆம் பாடல் எண்ணும் நான்கு குடிகளுள் துடியனும் பறையனும் பாணனும் இடம்பெறுகின்றனர். போற்றத்தக்க குடியினராக அங்கு எண்ணப்பட்டோரின் கருவிகளும் பெயர்களும் பிற்காலத்தில் இழிவின் அடையாளங்களாக ஆக்கப்பட்டன. சோமனின் துடியைக் கேட்கும்பொழுது தமிழாசிரியரின் செவியில் அந்த வீழ்ச்சியும் சேர்ந்தே ஒலிக்கிறது. எவருடைய ஒலி இசை, எவருடைய ஒலி இரைச்சல் என்று வகுப்பதில் ஒரு சமூகத்தின் நீதி வெளிப்படுகிறது. காரந்த் இந்த எல்லைக்கோட்டை மதிக்கவில்லை. கல், மூங்கில், தகரம் ஆகியவையும் அவர் கையில் இசைக்கருவிகள் ஆயின.

1982இல் போபாலின் பாரத் பவன் அரங்கக் குழுவிற்குத் தலைமையேற்றபொழுது, புந்தேலி, மால்வி, சத்தீஸ்கரி ஆகிய வட்டார மொழிகளை மேடையேற்றினார். ஒவ்வொரு பேச்சுமொழிக்கும் தனியொரு பண் உண்டு என்பது அவர் கொள்கை போலும். 1989இல் கர்நாடக அரசு மைசூரில் நிறுவிய ரங்காயணத்தின் முதல் இயக்குநராகி, நடிப்பும் பாட்டும் கருவியிசையும் ஒருங்கே வல்ல இளங்கலைஞர்களை உருவாக்கினார். நூற்றுக்கும் மேற்பட்ட நாடகங்களை இயக்கிய அவர், 2002ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் மறைந்தார்.

அவருடைய நாடகங்களில் இசை மிகுந்து, கருத்து அதனுள் அமிழ்ந்துவிடும் என்று குறை கூறியோரும் உண்டு. அக்குறையை முற்றும் மறுக்க இயலாது. இசை அத்தகைய வலிமை உடையது. ஆயினும் அவ்வலிமைக்கு அஞ்சி ஊமையாகிய மேடையைவிட, அதனோடு மல்லாடிய மேடையே மொழிக்கு ஆக்கம் தரும் என்பது என் கருத்து.

மற்றொன்றையும் கவலையோடு கூற வேண்டும். நாடக இசை ஒத்திகையில் பிறப்பது. நடிகர்களின் தொண்டையில் வாழ்வது. கவிஞன் மறைந்தால் நூல் எஞ்சும். நாடக இசைஞன் மறைந்தால், அவனிடம் பாடியோர் உள்ளவரையில்தான் அவன் இசை எஞ்சும். கன்னடத்தில் அவர் மாணவர்கள் அப்பாடல்களை இன்றும் பாடி வருகின்றனர். நம் நாடக மேடையில் ஆர்மோனியம் வாசித்தோரும் பின்பாட்டுப் பாடியோரும் எத்தனை பேர் பெயரின்றி மறைந்தனர்! இயல், இசை, நாடகம் என முத்தமிழைப் பெருமையுடன் உரைக்கும் நாம், இயலுக்கு மட்டுமே நூலகம் அமைத்தோம்.

ஆகவே, பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் இவ்வட்டத்திடம் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன். ஆண்டிற்கு ஓர் அமர்வேனும் நம் வட்டாரத்தின் முதிய நாடகக் கலைஞர் ஒருவரை அழைத்துப் பாடச் செய்து, அதனை ஒலிப்பதிவு செய்யுங்கள். இங்கு படிக்கப்பெறும் ஒவ்வொரு கவிதையையும் எழுதியவர் ஒருமுறையும், வேறொருவர் ஒருமுறையும் வாய்விட்டுப் படிக்கட்டும். பிறர் நாவில் தடுக்கும் அடி எது, தானே நடக்கும் அடி எது என்பதைக் கவிஞர் அப்பொழுது தம் செவியாலேயே அறிந்துகொள்வார். யாப்பைத் துறந்த புதுக்கவிதைக்கும் மூச்சு உண்டு. அம்மூச்சை அளக்கும் கருவி காது ஒன்றே.