கணக்கு வேண்டும், புராணம் வேண்டாம்



2004-ஆம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி கடல் பொங்கி, நாகப்பட்டினம் ஜில்லாவில் மாத்திரம் 6,000 பேருக்கு மேல் மாண்டார்கள். சுமத்ராவுக்கருகில் கடலடியில் பூமி அதிர்ந்ததுதான் காரணமேயொழிய எந்தக் கடவுளின் கோபமும் அல்ல. அலை இங்கு வந்து சேர 2 மணி நேரத்துக்கு மேலாயிற்று; எச்சரிக்கை செய்வார் ஒருவருமில்லை. வேளாங்கண்ணியில் கோயிலுக்குள்ளிருந்தவர்கள் பிழைத்ததை அற்புதமென்றார்கள். அப்படியானால் அதே கோயிலுக்கு வந்து கடற்கரையில் மாண்ட பக்தர்களைக் கொன்றது யார் என்று நாம் கேட்டால் பதில் கிடையாது.

நிற்க, அன்று ஜனங்களைக் கைதூக்கி விட்டவர்கள் மனிதர்களே. 2005 ஜனவரியில் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் சம்மேளனமும் 'ஸ்நேகா' என்னும் ஸ்தாபனமும் சேர்ந்து, கலெக்டர் ஆபீசிலேயே ஓர் ஒருங்கிணைப்பு மையம் ஏற்படுத்தின. வந்து குவிந்த நூற்றுக்கணக்கான ஸ்தாபனங்களில் யார் எங்கே போவது, எந்த ஊருக்கு எது வேண்டும் என்று விசாரித்து ஒழுங்கு செய்வதே அதன் வேலை.

இப்பேர்ப்பட்ட மையத்தின் சரித்திரத்தைக் காப்பாற்றுவதென்றால் படத்திறப்பும் புகழ்ச்சிப் பத்திரமும் அல்ல. நிவாரணத்தில் நடந்த தவறுகளையும் எழுதி வைக்க வேண்டும். யாரும் கேளாத பழந்துணிகளை லாரி லாரியாய்க் கொண்டு வந்து ரோட்டோரம் கொட்டியதை எழுத வேண்டும். போனதைவிட அதிகமாய்ப் படகுகள் கொடுத்ததை எழுத வேண்டும். கூலி வேலை செய்யும் ஆதிதிராவிடர் பல இடங்களில் உதவிக் கணக்கிலேயே சேராததையும், சில முகாம்களில் அவர்களோடு தங்க மற்ற ஜாதியார் மறுத்ததையும், பிணமெடுக்க மாத்திரம் அந்த ஜாதித் துப்புரவுத் தொழிலாளர் தருவிக்கப்பட்டதையும் ஒளிக்காமல் எழுத வேண்டும். கடல் ஜாதி பார்க்கவில்லை. கஞ்சி ஊற்றிய இடத்தில் ஜாதி பார்த்தார்கள்!

எழுதி என்ன லாபம் என்பீர்கள். சுமத்ராவுக்கு மேற்கே சிமிலுவே என்றொரு தீவு. 1907-ல் அங்கு கடல் பொங்கியது. பூமி அதிர்ந்து கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓட வேண்டுமென்று பாட்டன் பேரனுக்குச் சொல்லி வந்தார்கள். 2004-ல் அதிர்ச்சிக்கு வெகு அருகிலிருந்தும், சுமார் 78,000 பேரில் மாண்டவர்கள் 7 பேரே. அவர்களைக் காப்பாற்றியது ஞாபகம், அற்புதமல்ல.

ஆகவே தோழர்களே! ரசீது, கணக்கு, கூட்டக் குறிப்பு, சேரிப் பெண்களின் வாய்ச்சொல் ஆகிய எல்லாவற்றையும் பத்திரப்படுத்தி, நல்ல தமிழில் அச்சிட்டு, ஊர்ப் பள்ளிக்கூடத்திலும் வாசகசாலையிலும் வைக்க வேண்டும். நாம் எழுதாமல் விட்ட இடத்தில் பூசாரி வந்து ஸ்தல புராணம் எழுதிவிடுவான்.