பல்லின் வெண்மையும் பல்லின் சுத்தமும்
(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்குச் செய்த பிரசங்கம்)



சங்கக் கூட்டங்களில் கடனும் வட்டியும் விதையும் எருவும் பேசப்படுவது வழக்கம். பல் விளக்குவதைப் பற்றிப் பேசவும் ஒரு கூட்டமா என்று சிலர் நகைக்கக்கூடும். ஆயினும், பல்லிற் கறை கண்டவர் செங்கற்பொடியைத் தேடுவதும், கறை நீங்காமற் பல்லே தேய்ந்து போவதும் கிராமங்களில் நிகழ்ந்து வருகின்றன. அக்கறைகளுள் ஒருவகைக்குக் காரணம் வாயில் இல்லை. ஊர்க் கிணற்றில் இருக்கிறது. அதைக் கூறுமுன் பல்லின் அமைப்பைச் சிறிது அறிந்துகொள்ளுதல் நலம்.

பல்லை மேலே மூடியிருக்கும் பூச்சுக்கு எனாமல் என்று பெயர். உடலில் அதனினும் கடினமான பொருள் வேறில்லை. முறிந்த எலும்பு கூடும். கிழிந்த தோல் வளரும். எனாமலோ ஒருமுறை தேய்ந்தால் மீண்டும் உண்டாவதில்லை. அதன் கீழுள்ள பாகம் இயற்கையிலேயே மஞ்சள் நிறமானது. செங்கற்பொடி, மணல், அடுப்புக்கரி முதலியவற்றால் அழுத்தித் தேய்ப்பவருக்கு முதலில் பல் வெளுத்தாற்போலத் தோன்றும். மேற்பூச்சு மெலிய மெலிய உள்ளிருக்கும் மஞ்சள் வெளிப்படும். அதைக் கறையென்று எண்ணி அவர் இன்னும் பலமாகத் தேய்ப்பார். பிறகு குளிர்ந்த நீர் பட்டாலும் பல் கூசும். உமிக்கரியைப் பலர் மிருதுவென்று நம்புகிறார்கள். நெல்லுமியில் மணலின் சத்தாகிய சிலிகா மிகுதி. ஆதலால் உமிக்கரியும் பல்லின்மேல் அரம்போல வேலை செய்வதே. எலுமிச்சம்பழத் தோலால் தேய்ப்பதும் தவறு; புளிப்பு எனாமலைக் கரைத்துவிடும்.

ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் பல்லுக்கு உறுதி என்பது முன்னோர் வாக்கு. வேல் என்றது வேம்பையன்று, வேலமரத்தை. எனினும் வேப்பங்குச்சியும் குற்றமற்றதே. குச்சியின் நுனியை நார் பிரியும்வரை மென்று, ஈற்றிலிருந்து பல்லின் நுனியை நோக்கி மெதுவாகத் தேய்த்தல் வேண்டும். வாள் அறுப்பதுபோலக் குறுக்கே இழுப்பதால் ஈறு விலகிப் பல்லின் அடி பள்ளமாகும். பொடி வேண்டுவோர் ஆப்பசோடா இரண்டு பங்கும், மாவாகப் பொடித்துச் சலித்த உப்பு ஒரு பங்கும் கலந்து வைத்துக்கொள்ளலாம். சோடா பல்லைச் சுரண்டாத பொருள். காப்பி, தேயிலை, வெற்றிலை இவற்றின் மேற்கறையைப் பெரிதும் போக்கும். கல்லுப்பை அப்படியே வைத்துத் தேய்க்கலாகாது. எந்தப் பொடியாயினும், பல்லின் பிறவி நிறமாகிய இளமஞ்சளை வெண்சங்காக்க முயல்வது வீண். சொத்தை விழாமற் காப்பதில் புளோரைடு சேர்ந்த பற்பசைக்கு இவை ஈடாகமாட்டா என்பதையும் மறைத்தல் கூடாது. காலையில் பல் விளக்க ஒருவரும் மறப்பதில்லை. இரவில் விளக்குவோர் சிலரே. உறங்கும்போது உமிழ்நீர் குறைவதால், பல்லிடுக்கில் தங்கிய வெல்லமும் சோறும் தீங்கு செய்வது அப்பொழுதே அதிகம்.

புகையிலையையோ மூக்குப்பொடியையோ ஈற்றில் தேய்ப்பவர் பல்வலி தணிகிறதென்பர். வலி மரத்துப்போகிறதேயன்றிச் சொத்தை ஆழமாகிக்கொண்டே போகும். புகையிலை கலந்த பற்பொடியை 1992-ல் இந்திய அரசாங்கம் தடை செய்தது. புகையிலையோடு மட்டுமன்றி, வெறும் பாக்கு மெல்லுவதாலும் வாயிற் புற்று உண்டாகுமென்று உலகச் சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தார் 2004-ல் முடிவு கூறினர்.

இனிக் கிணற்றைப் பற்றிய விஷயம். தருமபுரி, கிருஷ்ணகிரி முதலிய ஜில்லாக்களில் சில ஊர்ப் பிள்ளைகளின் முன்பற்கள் சுண்ணாம்புத் திட்டாகவோ பழுப்புப் பட்டையாகவோ இருக்கக் காணலாம். பல் விளக்காத சோம்பல் என்று பெற்றோர் அடிப்பார்கள். பெண்ணாயிருந்தால், வரன் வருமுன் வெளுக்கட்டுமென்று செங்கற்பொடி கொடுப்பார்கள். அந்தக் குழந்தையிடம் ஒரு குற்றமும் இல்லை. பாறையிலிருந்து நீரிற் கரையும் புளோரைடு அளவுக்கு மிஞ்சினால், ஈற்றுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் எனாமலைக் கெடுத்துவிடும். சிறிதளவிற் பல்லைக் காப்பதும் மிகுந்தால் கெடுப்பதும் இப்பொருள் ஒன்றே. பற்கள் உருவாகும் சுமார் எட்டு வயதுக்குள் குடித்த நீரே இக்கறைக்குக் காரணம். கறை பல்லோடு பிறந்ததாகையால் எப்பொடியும் அதைப் போக்காது. அதே நீரைப் பல ஆண்டுகள் குடிப்பவருக்கு முதுகும் மூட்டுக்களும் விறைத்துப்போவதும் உண்டு. அப்பொழுது சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த நெல்லூர் ஜில்லாவில் இந்நோயைக் கண்ட வைத்தியர்கள் 1937-லேயே அதனை எழுதி வெளியிட்டார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களுக்குக் காவேரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கிவைக்கப்பட்டது. ஆயினும் குழாய் நீர் தடைப்படும் நாளில் ஜனங்கள் மீண்டும் ஆழ்துளைக் கிணற்றையே நாடுகிறார்கள்.

நீரைக் காய்ச்சினால் கேடு தீருமென்பது பிழை. காய்ச்சக் காய்ச்ச நீர் சுண்டுமேயன்றிப் புளோரைடு அகலாது. ஒரு லிட்டர் நீரில் 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்டிருந்தால் குடிக்கத் தகாது. நிறத்தாலும் ருசியாலும் இதனை அறிய வழியில்லை. பரிசோதனை ஒன்றே வழி. குடிநீர் வடிகால் வாரியத்தின் ஜில்லாப் பரிசோதனைச் சாலைகளில் இது செய்யப்படுகிறது.

தனி ஒருவர் செய்யத் தயங்கும் இக்காரியத்தைச் சங்கம் எளிதில் செய்யலாம். பஞ்சாயத்தார் இருவர் ஒருநாள் பள்ளிக்கூடத்திற்குச் சென்று, எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளின் முன்பற்களைப் பார்த்து, கறையுள்ளவர்கள் சிறுவயதில் எந்தக் கிணற்று நீர் குடித்தவர்கள் என்று குறித்துக்கொள்ளட்டும். அக்கிணறுகளின் நீரைச் சுத்தமான பிளாஸ்டிக் புட்டிகளில் தனித்தனியே பிடித்து, கிணற்றின் பெயரையும் தேதியையும் ஒட்டியனுப்புதல் வேண்டும். ஒரே தெருவில் ஒரு கிணறு நல்லதாகவும் மற்றொன்று தீயதாகவும் இருப்பதுண்டு. ஆகையால் ஒரு புட்டியின் முடிவைக்கொண்டு ஊர் முழுவதையும் தீர்மானித்துவிடலாகாது. நல்ல நீரென்று தேறிய கிணற்றைக் குழந்தைகளுக்குக் குடிக்கவும், கஞ்சி காய்ச்சவும் முதலில் ஒதுக்கி, மற்றதைத் துவைக்கவும் குளிக்கவும் வைத்துக்கொள்ளலாம்.